படத்தின் பின்பக்கம்

இங்கே ரொறன்ரோவில் காலை பத்து மணி. சிட்னியில் இருந்து பார்ப்பவர்களுக்கு நடுச்சாமம். அதனால் சுருக்கமாகப் பேசுகிறேன்.

1995 ஒக்ரோபர் 30 இரவு, சனத்தோடு சனமாக யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டபோது அல்பங்களை வீட்டிலேயே விட்டுவிட்டோம். திரும்பிப் போனபோது கூரையும் இல்லை, அல்பமும் இல்லை. அம்மா அப்பாவின் 1968ஆம் ஆண்டுக் கல்யாணப் படம் மட்டும் தப்பியது. பாரிஸில் இருந்த பெரியம்மாவுக்கு அம்மா முன்பே ஒரு கொப்பி தபாலில் அனுப்பியிருந்தா. 2003இல் அதைப் பெரியம்மா வீட்டில் பார்த்தேன். பின்பக்கத்தில் ஒன்பது பேரின் பெயரும் இடமிருந்து வலமாக, அம்மாவின் கையெழுத்தில்.

பீட்டர் குரோக் என்ற புகைப்படக் கலைஞர் பரப்பிய 3-2-1 விதியைச் சிலர் அறிந்திருப்பீர்கள்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒரு பிரதி வேறு இடத்தில். அம்மா ஒரு தபால்தலையோடு அதில் பாதியைச் செய்துவிட்டா. கணினித் துறையில் வேலை செய்யும் நானோ, பிள்ளைகளின் ஆறு வருடப் படங்களை ஒரே ஹார்ட் டிஸ்கில் வைத்திருந்தேன். அது மேசையிலிருந்து விழுந்தது. சொந்தக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியவைதான் மிச்சம். அவையும் சிறுத்து, எடுத்த திகதி இல்லாமல்.

இப்போது இரண்டு டிஸ்க் வைத்திருக்கிறேன். ஒன்று தங்கச்சி வீட்டில். மூன்றாவது பிரதி இணையக் கிடங்கில். அதன் கடவுச்சொல்லை மகளிடம் கொடுத்திருக்கிறேன். கூகுள் கணக்கை இரண்டு வருடம் தொடாவிட்டால் அழித்துவிடலாம் என்பது அவர்களின் விதி. நாங்கள் செத்த பிறகு யார் தொடுவது? வருடத்துக்கு ஒருமுறை, தைப்பொங்கல் விடுமுறையில், எல்லாம் திறக்கிறதா என்று பார்க்கிறேன்.

கல்யாணப் படத்துக்கு வருகிறேன். பெரியம்மா காலமான பிறகு அவவின் மகன் அதை ஸ்கேன் செய்து அனுப்பினான். அருமையான பிரதி, சேலைக் கரை வரை தெரிகிறது. ஆனால் முன்பக்கம் மட்டும். வீடு காலி செய்ததில் மூலப்படம் போய்விட்டது.

ஆகவே ஞாயிறுதோறும் அம்மாவுக்குப் பக்கத்தில் மடிக்கணினியோடு இருக்கிறேன். அவ சொல்லும் பெயரைக் கோப்பின் உள்ளே விவரக் குறிப்பிலும், கோப்பின் பெயரிலும் எழுதுகிறேன். அம்மாவுக்கு இப்போது மறதி. ஒன்பதில் ஏழு பெயர் வந்துவிட்டது. முன்வரிசையில் பூத்தட்டோடு நிற்கும் சிறுமியை மூன்று ஞாயிறாகக் கேட்கிறேன். "எங்கட பிள்ளைதான்" என்கிறா.

அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.