கௌலிக்காக ஒரு வேண்டுகோள்



மில்டனின் 'இழந்த சொர்க்கம்' அச்சேறிய ஆண்டு 1667. அந்த ஆண்டில் லண்டன் வாசகர்கள் கொண்டாடிய கவிஞர் மில்டன் அல்லர், ஆபிரகாம் கௌலி. ஜூலை மாதம் அவர் இறந்தபோது, வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் சாசருக்கும் ஸ்பென்சருக்கும் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். எழுபது ஆண்டுதான் கடந்தது. கௌலிக்கு இனி வாசகர் உண்டா என்ற ஐயத்தை அலெக்சாண்டர் போப் தம் கவிதையிலேயே எழுப்பிவிட்டார்.

ஏன் இப்படி ஆனது? தந்தை இறந்த பின் பிறந்த பிள்ளை கௌலி. தாயின் அறையில் கிடந்த ஸ்பென்சரைச் சிறு வயதிலேயே படித்து முடித்தார். பதினைந்து வயதில் முதல் கவிதை நூல் வந்துவிட்டது. பிறகு உள்நாட்டுப் போர். மன்னர் பக்கம் நின்றதால் கேம்பிரிட்ஜிலிருந்து வெளியேற்றப்பட்டார். அரசியோடு பாரிசுக்குப் போனார். அங்கே அவருக்கு என்ன வேலை தெரியுமா? மன்னரும் அரசியும் எழுதிக்கொண்ட கடிதங்களைச் சங்கேதக் குறிகளில் மாற்றுவது, வந்தவற்றை விடுவிப்பது. இளமையின் நல்ல ஆண்டுகளெல்லாம் பிறர் சொற்களை மறைத்து வைப்பதிலேயே போயின!

அவருடைய கவிதைக்கும் அந்தப் பழக்கம் உண்டென்று நான் நினைக்கிறேன். எங்கோ கிடக்கும் இரண்டு பொருள்களை இழுத்து வந்து முடிச்சுப் போடுவார். அவிழ்க்கிற உழைப்பு நமக்கு. அந்தச் சாமர்த்தியத்தைத்தான் அவர் காலம் மெச்சியது. சாமுவேல் ஜான்சன் 1779-இல் தம் கவிஞர் வரலாறுகளைக் கௌலியிலிருந்து தொடங்கி, அதையே பெருங்குறையாக விரித்துக் காட்டினார். இருபதாம் நூற்றாண்டில் டி. எஸ். எலியட் போன்றோர், இதே பாணியில் எழுதிய ஜான் டன்னை மீட்டெடுத்தார்கள். கௌலிக்கு அந்த வாழ்வு திரும்பவில்லை.

ஆனால் நண்பர்களே, ஒன்றை நாம் விட்டுவிட்டோம். பாரிசிலிருந்து இங்கிலாந்து திரும்பிய கௌலிக்கு 1655-இல் சிறை. 1660-இல் மன்னராட்சி திரும்பிய பின்னும் அவர் எதிர்பார்த்த பதவி கிடைக்கவில்லை. மனம் சலித்து, தேம்ஸ் கரையில் செர்ட்சி என்ற ஊரில் ஒதுங்கினார். அந்தக் கடைசி ஆண்டுகளில் உரைநடையில் சில கட்டுரைகள் எழுதினார்: தனிமை பற்றி, தோட்டம் பற்றி, தன்னைப் பற்றி. அவற்றில் முடிச்சே இல்லை. எதிரில் உட்கார்ந்து பேசுகிற குரல் இருக்கிறது. குறை சொன்ன ஜான்சனே இந்த உரைநடையை மனமாரப் பாராட்டினார்.

தன்னைப் பற்றிய அந்தக் கட்டுரை சில பக்கம்தான். அடுத்த கூட்டத்தில் அதை முழுக்க வாசித்துப் பேசுவோம் என்று இந்த அவையைக் கேட்டுக்கொள்கிறேன். வாசிக்கும் பொறுப்பை நானே ஏற்கிறேன்.