தாயும் சேயும் ஒரே பாயில்

(நவராத்திரி விழாவில் சரசுவதி பூசை நாளன்று ஆலய மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாளை விசயதசமி. காலையில் இம்மண்டபத்தில் ஏடு தொடங்கும் சடங்கு நடைபெறும். தாம்பாளத்தில் பச்சரிசியைப் பரப்பி, தந்தையோ பாட்டனாரோ குழந்தையை மடியில் இருத்தி, அதன் பிஞ்சு விரலைப் பற்றி அகரம் எழுதச் செய்வதைப் பல குடும்பங்களில் காண்கிறோம். குருக்கள் அருகில் இருப்பார். விரலைப் பற்றுவது வீட்டாரின் கை. மறுநாள் முதல் என்ன செய்கிறோம்? பிள்ளையைப் பள்ளி வாயிலில் இறக்கிவிட்டுத் திரும்புகிறோம். அந்தக் கையை எப்போது விட்டோம், ஏன் விட்டோம் என்பதைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

முதலில் என் பிழை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1974ஆம் ஆண்டில், இருபத்தோரு வயதில், ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியப் பணியைத் தொடங்கினேன். என் வகுப்பில் ஒரு மாணவன் எழுத்துக் கூட்டவே திணறினான். அவன் தாயாரை அழைத்து, "வீட்டில் உட்கார வைத்துப் படிக்கச் சொல்லுங்கள் அம்மா, பள்ளிக்கூடம் மட்டும் போதாது" என்று சற்றுக் கடுமையாகவே கூறினேன். "சரிங்க வாத்தியாரையா" என்று தலையசைத்துச் சென்றார். விடியுமுன் பெரட்டுக்குப் போகவேண்டிய அந்தத் தாய், அன்றிலிருந்து நாள்தோறும் இரவில் மண்ணெண்ணெய் விளக்கருகே மகனோடு அமர்ந்தார். அவன் உரக்கப் படிப்பான், முடித்ததும் எழுவார். ஆண்டு இறுதியில் ஒரு மாலை லயத்துப் பக்கம் சென்றபோது அவன் படிப்பதை நானே கேட்டேன். மனப்பாடமாக வைத்திருந்த ஒரே பக்கத்தை ஒப்பித்துக்கொண்டிருந்தான். அந்த ஒரு பக்கத்தைத்தான் ஆண்டு முழுவதும் ஒப்பித்திருக்கிறான். அந்த அம்மையாருக்கு எழுத்துத் தெரியாது. அவரிடம் அக்கறை இருந்தது, நேரமும் இருந்தது. உங்களுக்குப் படிக்கத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், இளைஞனான என் முன் தெரியாது என்று சொல்ல அவருக்கு நா எழுந்திருக்குமா என்பது ஐயமே. அம்மாணவன் இடைநிலைப்பள்ளியில் புகுமுக வகுப்போடு நின்றுவிட்டான்.

பணி ஓய்வுக்குப் பின், இத்தகைய குடும்பங்களுக்குப் பிற நாட்டார் என்ன செய்தனர் என்று தேடிப் படிக்கலானேன். அவற்றுள் என் மனத்தைப் பெரிதும் கவர்ந்தது துருக்கி நாட்டின் இசுதான்புல் நகரில் நடந்த முயற்சியாகும். கிராமங்களிலிருந்து ஆலை வேலை தேடி வந்த மக்கள் அந்நகரின் ஓரங்களில் இரவோடு இரவாக வீடு எழுப்பிக் குடியேறினர். அக்குடியிருப்புகளுக்கே 'கெஜெகொண்டு', அதாவது இரவில் வைத்தது என்று பெயர். பிழைப்புக்காகக் கப்பலேறி வந்தோரின் வழித்தோன்றல்களாகிய நமக்கு இக்கதை புதிதன்று. 1982ஆம் ஆண்டில் சிய்தெம் காயிட்சிபாஷி என்னும் உளவியல் பேராசிரியையும், அவருடன் செவ்தா பெக்மன், டயேன் சுனார் ஆகியோரும் இத்தகைய எளிய குடும்பங்கள் ஏறத்தாழ 250ஐத் தேர்ந்து ஓர் ஆய்வைத் தொடங்கினர். பிள்ளைகளுக்கு மூன்று அல்லது ஐந்து வயது. தாய்மாரில் பெரும்பாலோர் தொடக்கப்பள்ளிக்கு மேல் படிக்காதவர்கள்.

அங்கே குழந்தைக்குப் பாடம் சொல்ல வெளியிலிருந்து ஆசிரியர் வரவில்லை. அதே குடியிருப்பைச் சேர்ந்த, சற்றே கூடுதலாகப் படித்த ஒரு பெண் வாரந்தோறும் தாயைச் சந்திப்பார். கதைப் புத்தகத்தையும் பயிற்சித் தாள்களையும் கொடுத்து, ஒருவர் தாயாகவும் மற்றவர் குழந்தையாகவும் நடித்துப் பழகுவார்கள். பிறகு அத்தாய் தம் பிள்ளையோடு அமர்ந்து அன்றாடம் சிறிது நேரம் அதைச் செய்வார். செருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் 1969இல் உருவான ஒரு திட்டத்திலிருந்து இம்முறையை எடுத்துத் துருக்கி மொழியில் ஆக்கிக்கொண்டார்கள். இதனோடு இரு வாரங்களுக்கு ஒருமுறை தாய்மார் கூடிப் பேசினர். பிள்ளையின் உணவு, உடல்நலம், அடம் பிடித்தால் என்ன செய்வது என்பவற்றோடு தங்கள் சொந்தக் கவலைகளையும் பேசினர். பயிற்சி இரண்டு ஆண்டுகள் நடந்தது.

இத்தகைய திட்டங்கள் முடியும் நாளில் எல்லாரும் கைதட்டுவது வழக்கம். இவர்களோ 1992ஆம் ஆண்டில், பயிற்சி முடிந்து பல ஆண்டுகள் கழிந்தபின், அக்குடும்பங்களை மீண்டும் தேடிச் சென்றனர். அக்காலத் துருக்கியில் கட்டாயக் கல்வி ஐந்தாண்டுகள் மட்டுமே. அதற்குமேல் படிக்க வைப்பது வீட்டாரின் முடிவு. பயிற்சி பெற்ற தாய்மாரின் பிள்ளைகளில் 100க்கு 86 பேர் இன்னும் பள்ளியில் இருந்தனர். பயிற்சி பெறாத தாய்மாரின் பிள்ளைகளில் 67 பேரே இருந்தனர். சொல்வளத்திலும் முன்னவரே மேம்பட்டிருந்தனர். இன்னொன்றும் தெரியவந்தது: பயிற்சி பெற்ற தாய்மாருக்குக் குடும்பத்தில் மதிப்பு உயர்ந்திருந்தது. இப்பட்டறிவைக் கொண்டு 1993இல் ஓர் அறக்கட்டளை தொடங்கப்பட்டு, பயிற்சி 25 வாரங்களாகச் சுருக்கப்பட்டு நாடெங்கும் பரவியது. 1996 முதல் தந்தையருக்கும் தனித்திட்டம் வந்தது. ஆடவர் பகுதியில் அமர்ந்திருக்கும் அன்பர்கள் இதனைக் கவனிக்கவேண்டும்.

எல்லா இடத்திலும் இப்படி நடந்ததாக நான் சொல்லமாட்டேன். அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தில் 1986இல், பள்ளியிறுதி முடிக்காத பெற்றோரும் அவர்தம் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளும் ஒரே பள்ளிக்குச் செல்லும் திட்டம் தொடங்கிற்று. அதனை முன்னின்று நடத்தியவர் சாரன் டார்லிங் என்னும் அம்மையார். அதே போக்கில் 1988இல் 'ஈவன் ஸ்டார்ட்' என்னும் நாடு தழுவிய திட்டம் சட்டமாயிற்று. ஆனால் 2003இல் வெளிவந்த மதிப்பீடு, அதில் சேர்ந்த குடும்பங்கள் சேராத குடும்பங்களைவிட மேலான முன்னேற்றம் காணவில்லை என்றது. 2011இல் நிதியும் நின்றது. காரணம் பல கூறுவர். எனக்குப் படுவது, அங்கே வழங்கப்பட்ட நேரத்தில் சிறு பகுதியையே குடும்பங்கள் பயன்படுத்தின என்பதாகும். பெயரைப் பதிந்துவிட்டு வராமல் இருப்பது நமக்கும் தெரியாத கலையன்று.

இனி நம் ஆலயத்துக்கு வருகிறேன். ஞாயிறு காலையில் சமய வகுப்புக்குப் பிள்ளைகள் வருகின்றனர். பெற்றோர் சிலர் வாகனத்திலேயே அமர்ந்திருக்கின்றனர். சிலர் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து கைப்பேசியைப் பார்க்கின்றனர். அவர்களைக் குறை கூறவில்லை; உள்ளே வாருங்கள் என்று யாரும் அழைக்கவில்லையே! அவர்களில் சிலரோடு பேசிப் பார்த்தேன். என் மாணவனின் தாயைப் போல் கைநாட்டு வைப்போர் அல்லர். மலாய் படிப்பார்கள், ஆங்கிலமும் படிப்பார்கள். தேசியப்பள்ளியில் பயின்றதால் தமிழ் எழுத்து மட்டும் தெரியாது. பிள்ளை கையில் இருக்கும் தேவாரப் புத்தகம் அவர்களுக்கு அந்த மண்ணெண்ணெய் விளக்கடிப் பக்கம்தான். ஒரு தந்தை என்னிடம் மெல்லிய குரலில், "மகள் படிக்கிறது சரியா தப்பான்னு எனக்கு எப்படிங்க ஐயா தெரியும்?" என்றார். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அந்தத் தாய் கேட்காமல் போன கேள்வியை அன்று கேட்டேன்.

ஆகவே நிர்வாகக் குழுவிடம் ஒரு விண்ணப்பம். சமய வகுப்பில் நான்கு முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு மட்டும், முதல் ஒரு மணி நேரம் தாயோ தந்தையோ உடன் அமரட்டும். அரைமணி நேரம் பெற்றோருக்குத் தனியே எழுத்து. அடுத்த அரைமணி நேரம் இருவருக்கும் சேர்த்து ஒரு கதை. அதனை வீட்டில் அன்றாடம் எப்படிச் சொல்வது என்று நடித்துப் பழகவேண்டும். இதற்கு முதியோர் கல்வி என்று பெயர் வைக்காதீர்கள். வைத்தால் ஒருவரும் வரமாட்டார். பிள்ளையின் பெயரைச் சொல்லி அழைத்தால் வெட்கப்படாமல் வருவார்கள். இசுதான்புல் தாய்மாரும் அப்படித்தான் வந்தனர். கற்பிக்கப் பட்டதாரிகளைத் தேடவேண்டியதில்லை. தமிழ்ப்பள்ளியில் படித்த நம் மகளிர் பகுதியினரே போதும். எனக்குள்ள அச்சம் ஒன்றுதான்: மூன்றாம் வாரம் எத்தனை பேர் இருப்பார்கள்? வராதவர் வீட்டுக்கு யார் போவது? இதற்கு விடை கண்ட பிறகே தொடங்கவேண்டும். வீடு தேடிச் செல்ல நானும் இன்னும் இரண்டு ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் முன்வந்துள்ளோம். மூவர் போதாது.

அன்னதானக் கூடத்தின் பின்னறையில் பந்தல் சாமான்கள் கிடக்கின்றன. அவற்றை ஒதுக்கினால் பதினைந்து குடும்பங்கள் பாயில் அமரலாம்; அளந்து பார்த்துவிட்டேன். பாய்கள் ஆலயத்திலேயே உள்ளன. நாளை ஏடு தொடங்கும் குழந்தைகளின் பெற்றோர், அர்ச்சனைச் சீட்டு வழங்கும் இடத்தில் தங்கள் பெயரைக் கொடுக்கலாம் என்று தலைவர் அவர்கள் இசைவு தந்துள்ளார். வீடுகளுக்குச் செல்ல முன்வருவோர் இன்றே, பிரசாதம் வாங்கும்போது, என்னைக் காணவேண்டுகிறேன்.