அணுயுத்தமும் அதன் பின்வரும் குளிரும்



அணுயுத்தம் என்றதும் குண்டு விழுந்த ஊரையே நாம் நினைக்கின்றோம். குண்டு விழாத ஊரின் அடுப்பையும் அது அணைத்துவிடுமா? இதுவே இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட வினா.

1815ஆம் ஆண்டில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்தது. அது கக்கிய கந்தக வாயு நுண்துகள்களாகி மேல்வானிற் பரந்து, சூரிய ஒளியைக் குறைத்தது. மறு ஆண்டு ஐரோப்பாவிற் பயிர் பொய்த்துப் பஞ்சம் வந்தது. 1816ஐக் 'கோடையில்லா ஆண்டு' என்று சரித்திரம் கூறும். எரிமலை ஒன்று செய்ததை, எரியும் நகரங்கள் செய்யமாட்டாவோ?

1982இல் போல் குருட்சன், ஜோன் பேர்க்ஸ் என்னும் இரு விஞ்ஞானிகள் இவ்வையத்தை எழுப்பினர். மறு ஆண்டு கார்ல் சேகன் முதலிய ஐவர் கணக்கிட்டு, 'அணுக் குளிர்காலம்' வரும் என்றனர். காரணம் எளிது. தாழ்ந்த வானில் நிற்கும் புகையை மழை கழுவிவிடும். ஆனால் பெருந்தீயின் கரி மழையில்லாத மேலடுக்கை அடைந்தால், வெயிலைப் பருகிச் சூடேறி இன்னும் மேலே எழும். ஆண்டுக்கணக்காக அங்கே தங்கும்.

மறுப்போரும் உளர். 1986இல் வேறு இருவர், குளிர் அத்துணைக் கடுமையாக இராது என்றனர். 1991இல் குவைத்தில் 600க்கு மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகள் எரிந்தன. ஆசியாவின் பருவமழை கெடும் என்று சிலர் அஞ்சினர். புகை உயர எழாமையால் அவ்வாறு நிகழவில்லை. ஆயினும் 2017இல் கனடாவின் காட்டுத் தீப்புகை மேலடுக்கை அடைந்து, வெயிலால் உயர்ந்து, பல மாதங்கள் நின்றதை விஞ்ஞானிகள் அளந்தனர். ஆகவே வழி உண்மை. கரியின் அளவிலேதான் வாதம்.

இது எமக்குத் தூரத்துக் கதையா? இந்தியாவும் பாக்கிஸ்தானும் ஹிரோஷிமாக் குண்டு போன்ற 100ஐ வீசினால், 50 இலட்சம் தொன் கரி எழுந்து, உலக வெப்பம் ஒரு பாகைக்கு மேல் குறையலாம் என 2007இல் ஓர் ஆய்வு கணித்தது. அமெரிக்காவும் ருஷ்யாவும் பொருதினால் 500 கோடிக்கு மேற்பட்டோர் பட்டினியால் மடியக்கூடும் என்றது 2022இன் ஆய்வு. குளிர்ந்த கோடை ஒன்றினால் 1993இல் யப்பானின் நெல் விளைவு பொய்த்து, அந்நாடு அந்நிய அரிசியை வாங்க நேர்ந்தது. அன்று விற்பதற்கு அயல்நாடுகளில் அரிசி இருந்தது. உலகெங்கும் ஒருங்கே விளைவு குன்றினால் யார் யாருக்கு விற்பர்? நாம் உண்ணும் பாணின் கோதுமையும் கப்பலிலேதான் வருகின்றது.

"நிச்சயமில்லாததற்கு ஏன் அஞ்சவேண்டும்?" என்று சில நண்பர்கள் எம்மைக் கேட்டனர். குடத்து நீரில் விஷம் எத்தனை துளி என்று வைத்தியர்கள் வாதிடுகையில், அந்நீரைப் பருகத் துணிவார் உண்டோ? ஐயம் ஆறுதலன்று; எச்சரிக்கையே.

அணுவாயுதங்களைத் தடைசெய்யும் உடன்படிக்கை 2021இல் நடைமுறைக்கு வந்தது. 2023இல் இலங்கையும் அதிற் சேர்ந்தது. அணுவாயுதம் உடைய 9 நாடுகளில் ஒன்றேனும் சேரவில்லை. குண்டில்லாத நாட்டார்க்கு இதிற் பேச உரிமை இல்லை என்பாருக்கு நாம் கூறும் விடை ஒன்றே: குண்டு அவர்களுடையது, வானம் எல்லோருடையது.