கடல் கடந்தாலும் கடமை நம்முடையதே

(நமது ஜமாஅத்தின் ஆண்டுக் கூட்டத்தில் தலைமை இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

புகழனைத்தும் ஏக இறைவன் அல்லாஹ்வுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

  

வளைகுடாவில் பணிபுரியும் சகோதரர் ஒருவர் ரமளான் தோறும் எனக்குப் பத்தாயிரம் ரூபாய் அனுப்பி வந்தார். "ஹஜ்ரத், யாருக்காவது கொடுத்துவிடுங்கள், எனக்குக் கணக்கெல்லாம் சொல்ல வேண்டாம்" என்பார். நானும் அவ்வாறே செய்தேன். ஓர் ஆண்டு ஜகாத் வாங்க வந்தவர்களின் வரிசையில் கைம்பெண் ஒருவர் முகத்தை மறைத்தபடி கடைசியில் நின்றார். பெயரைக் கேட்டபோதுதான் தெரிந்தது, அவர் அந்தச் சகோதரரின் உடன்பிறந்த தங்கை! அண்ணன் அனுப்பிய பணத்தையே தங்கை வரிசையில் நின்று பெற்றார். அது அவருக்கும் தெரியாது, அண்ணனுக்கும் தெரியாது. விசாரிக்காமல் விநியோகித்த எனக்கும் அதில் பங்குண்டு என்பதை இச்சபையில் ஒப்புக்கொள்கிறேன்.

சகோதரர்களே! ஜகாத் என்பது தொழுகையைப் போன்று ஒவ்வொருவர் மீதும் தனித்தனியே விதிக்கப்பட்ட கடமையாகும். நமக்காகப் பிறர் தொழ முடியாது. ஜகாத்தைச் சேர்ப்பிக்க வகீல் ஒருவரை நியமிக்க மார்க்கம் அனுமதிக்கிறது. ஆனால் நிய்யத்தும் கணக்கும் பொருளுக்கு உரியவருடையவை. தவ்பா அத்தியாயத்தின் 60-ஆம் வசனம் ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரை வரையறுத்துவிட்டது. பணம் அவர்களைச் சேர்ந்ததா என்று கேட்டறிவது கொடுப்பவரின் உரிமை மட்டுமன்று, பொறுப்புமாகும்.

அந்தச் சகோதரர் ஊர் வந்தபோது இருவரும் அமர்ந்து கணக்குப் பார்த்தோம். வங்கி வைப்பும், விற்பதற்கென்றே வாங்கிய மனையின் அன்றைய மதிப்பும் சேர்ந்து பத்து லட்சம். கடன் ஏதுமில்லை. நூற்றுக்கு இரண்டரை வீதம் இருபத்தைந்தாயிரம் கடமை. அவர் கொடுத்ததோ பத்தாயிரம்! எஞ்சிய பதினைந்தாயிரம் அவர் மீது கடனாக நின்றது. அவர் கஞ்சரல்லர், கணக்குப் பார்க்காதவர், அவ்வளவே.

மனைவியின் நகை மனைவியின் சொத்து. ஹனஃபி மத்ஹபின்படி, நிஸாபை அடைந்தால் அதன் ஜகாத் அவர் மீதே கடமை. அவர் சம்மதத்துடன் கணவர் செலுத்தலாம். அணியும் நகைக்கு ஜகாத் இல்லை என்பது ஷாஃபிஈ மத்ஹபின் கருத்து. தங்கத்தின் நிஸாபை நம் உலமாக்களில் பலர் 87.48 கிராம், அதாவது ஏறத்தாழ 11 பவுன் எனக் கணக்கிடுகின்றனர். ஆண்டு என்பது சந்திர ஆண்டு, ஏறத்தாழ 354 நாட்கள். சம்பளம் வரும் ஆங்கில மாதத்தை வைத்துக் கணக்கிட்டால் ஆண்டுக்குப் பதினொரு நாட்கள் வரை பின்தங்கிவிடும்.

"நாங்கள் வாழும் நாட்டிலேயே கொடுத்தால் என்ன?" என்று சிலர் கேட்கின்றனர். தாராளமாகக் கொடுக்கலாம். குவைத்தில் 1982-இல் தொடங்கப்பட்ட ஜகாத் இல்லம் உள்ளது. சிங்கப்பூரில் 1968-இல் நிறுவப்பட்ட இஸ்லாமிய சமய மன்றம் ஜகாத் வசூலித்து வழங்குகிறது. முஆத் (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பியபோது, அவ்வூர்ச் செல்வந்தர்களிடம் பெற்று அவ்வூர் ஏழைகளுக்கே வழங்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். ஆயினும் ஏழை உறவினருக்காகவும், தேவை மிகுந்தோருக்காகவும் வேறு ஊருக்கு அனுப்புவதை ஹனஃபி சட்ட நூல்கள் ஆகுமாக்குகின்றன. உறவினருக்குக் கொடுப்பதில் தர்மத்தின் கூலியும் உறவைப் பேணும் கூலியும் சேர்ந்து கிடைக்கும். பெற்றோர், பிள்ளைகள், மனைவிக்கு ஜகாத் கூடாது. உடன்பிறந்தோர் தகுதியுடையவராயின் கூடும்.

ஃபித்ராவில் கூடுதல் கவனம் தேவை. பெரும்பாலும் வளைகுடாவில் பெருநாள் நமக்கு ஒரு நாள் முன்னதாக வருகிறது. பெருநாள் தொழுகைக்கு முன் ஏழையின் கையில் சேர வேண்டிய ஃபித்ராவைக் கடைசி நாள்வரை தாமதிக்காது ரமளானிலேயே அனுப்பிவிடுங்கள்.

சட்டத்தையும் அறிந்திருத்தல் அவசியம். இந்தியக் குடியுரிமையுடையோர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து முறையான வங்கி வழியில் அனுப்புவது, 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படுவதில்லை. பிற நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர்கள் அனுப்புவதோ அவ்வாறு கருதப்படும். அதற்கெனப் பதிவோ முன் அனுமதியோ பெறாத எந்த ஜமாஅத்தும் அதனை ஏற்க இயலாது. ஆகவே அனுப்புமுன் நிர்வாகிகளிடம் கேளுங்கள்.

ஜகாத்துக்கு வரையறை உண்டு; உபரியான ஸதகாவின் வாசலோ விரிந்தது. 2024 ஜூனில் நம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்ததே! தந்தையை இழந்த அப்பிள்ளைகளும், கல்வராயன் மலையின் ஏழை மாணவர்களும் நம் அண்டை அயலார். மதம் பாராது அவர்களுக்கு ஸதகாவிலிருந்து உதவுவதும் நன்மையே.

சகோதரர்களே! மூன்று காரியங்களை வேண்டுகிறேன். ஆண்டில் ஒரு பிறைத் தேதியைக் குறித்து உங்கள் கணக்கை நீங்களே எழுதுங்கள். முதலில் உறவினரின் நிலையை விசாரியுங்கள். பணம் அனுப்பினால் யாருக்குச் சேர்ந்தது என்று எங்களிடம் கேளுங்கள். பெறுவோரின் மானம் காத்து நாங்கள் விடை சொல்வோம். அந்தச் சகோதரர் இப்போது கேட்கிறார். அவருடைய தங்கை வரிசையில் நிற்பதில்லை. அண்ணனே வீடு தேடிச் சேர்ப்பிக்கிறார்.

நம் பொருளைத் தூய்மையாக்கி, நம் கடமையை நாமே நிறைவேற்றும் பாக்கியத்தை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.