சிரட்டையும் அகப்பையும்



பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தைப் பருவத்தைப் பத்தாக வகுத்தனர். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர். மூன்றும் விளையாட்டே. மட்டக்களப்பு வாவிக்கரை வீடுகளில் அவற்றை இன்றும் காணலாம்.

சட்டியை அகப்பையால் தட்டும் பிள்ளைக்கு அதுவே சிறுபறை. வெற்றுப் பேணியையும் தட்டி, ஓசை வேறுபடுவதை அறிகிறது. சிரட்டையில் ஈரமணலை நிரப்பிக் கவிழ்த்தால் சிற்றில் நிற்கிறது. காய்ந்த மணல் சரிகிறது. அக்கா குரும்பட்டியில் ஈர்க்குக் குத்திச் செய்துகொடுப்பது சிறுதேர்.

என் தங்கையின் மகனுக்கு ஒன்றரை வயது. பேணிக்குப் பெரிய மூடியைப் பலமுறை பொருத்திப் பார்த்துவிட்டு, தானே சிறியதை எடுத்தான். ‘பெரிது, சிறிது’ என்ற சொற்களைக் கை முதலிற் கற்றது; நா பிறகு கற்கும்.

1907இல் உரோமில் மரியா மொண்டிசோரி தொடங்கிய குழந்தைகள் இல்லத்திலும் வீட்டுவேலைகள் பயிற்சிகளாயின.

நாமோ மூன்று வயதுக்கு முன்பே பென்சிலைத் திணிக்கிறோம். எழுதப்போகும் விரல்கள் முதலில் மணலை அள்ளட்டும். கத்தியையும் நெருப்பையும் எட்டத்தில் வையுங்கள், அருகிலிருந்து பார்த்துக்கொள்ளுங்கள், சிரட்டையை மட்டும் பறிக்காதீர்கள்.