பிறர் துணையே!

(‘வந்த நாட்டில் தகுதிக்கேற்ற வேலை அமைவது தன் முயற்சியாலா, பிறர் துணையாலா?’ என்ற தலைப்பில் கனடாவின் டொராண்டோ நகரில் நடைபெற்ற பட்டிமன்றத்தில், ‘பிறர் துணையாலே’ அணியில் பேசியது)

நடுவர் ஐயா அவர்களே! இவ்வளவு நேரம் பேசி என் இரத்த அழுத்தத்தை ஏற்றிவிட்ட எதிரணி அம்மையார் அவர்களே! (சிரிப்பு)

அம்மையார் ஒரு கேள்வி கேட்டாங்க. "ஹோட்டல்ல கோப்பை கழுவினவர் இன்னைக்கு மூணு வீடு வாங்கியிருக்காரே, அவருக்கு யார் துணை செஞ்சா?" நல்ல கேள்வி. அந்த மனிதரை நானும் கும்பிடுகிறேன். ஆனா நடுவர் அவர்களே, தலைப்பைத் தயவுசெய்து மறுபடி ஒரு தடவை படிங்க. வீடு வாங்குவது எப்படின்னா கேட்டிருக்கு? தகுதிக்கேற்ற வேலை! (கைதட்டல்) கோப்பை கழுவ வர்றதுக்கு முன்னாடி அவர் என்ன படிச்சிருந்தார்னு அம்மா சொல்லவே இல்லையே!

நான் ஒருத்தரைச் சொல்றேன். இந்த ஊரில் நான் தங்கியிருக்கிற வீட்டுக்காரர். இலங்கையில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சிவில் இன்ஜினியரிங் படிச்சவர். 1983 கலவரத்தில் எல்லாத்தையும் இழந்து, எங்கெங்கேயோ அலைஞ்சு, 1987ல் அகதியாக இங்கே வந்து சேர்ந்தார். நேத்து என்னைக் காரில் கூட்டிக்கொண்டு போனார். ஒரு மேம்பாலத்துக்குக் கீழே வந்ததும் வேகத்தைக் குறைச்சு அண்ணாந்து பார்த்தார். என்னங்க ஐயான்னு கேட்டேன். "ஒண்டுமில்லை சேர். அந்த மூட்டுக்குள்ளால தண்ணி இறங்குது. பனிக்காலத்தில ரோட்டில போடுற உப்புத் தண்ணி. உள்ள கம்பி துருப்பிடிக்கும்" என்றார்.

எத்தனை பாலம் கட்டியிருக்கீங்கன்னு கேட்டேன். "அங்க ரெண்டு சேர். இங்க ஒண்டுமில்லை."

இருபத்தாறு வருஷம் பெட்டி கட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்திருக்கிறார், நடுவர் அவர்களே. பாலம் கட்டின கை, பெட்டி கட்டியிருக்கு. முயற்சி செய்யலையா? ஒரு நோட்டுப் புத்தகம் காட்டினார். விண்ணப்பம் போட்ட இடத்தையெல்லாம் தேதியோடு எழுதி வச்சிருக்கார். போன இடமெல்லாம் ஒரே கேள்விதான். "கனடாவில் வேலை பார்த்த அனுபவம் உண்டா?" இல்லைங்க, நீங்க வேலை கொடுத்தா அனுபவம் வந்துடும். "அனுபவத்தோட வாங்க, வேலை தர்றோம்." நம்ம ஊரில் சொல்வாங்களே, பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம், கல்யாணம் ஆனாத்தான் பைத்தியம் தெளியும்னு. அந்தக் கதைதான்! (சிரிப்பு, கைதட்டல்)

பரீட்சையே வைக்காதேன்னு நான் சொல்லலை. பாலம் விழுந்தா உயிர் போகும். தாராளமா பரீட்சை வை, கணக்குக் கொடு, படம் வரையச் சொல். ஆனா ‘உள்நாட்டு அனுபவம்’னு கேட்கிறது பரீட்சை இல்லைங்க. அது பூட்டு. 1967லேருந்து படிப்புக்கு மார்க் போட்டு ஆளை உள்ளே அழைக்கிற நாடு இது. வாசல்ல மார்க் போட்ட அதே படிப்பை, கூடத்துக்குள்ள வந்ததும் செல்லாதுன்னா எப்படி?

அம்மையார் விடமாட்டாங்க. இங்கேயே படி, இங்கேயே அனுபவம் தேடு, தானா வேலை வரும்பாங்க. அதற்கும் பதில் இருக்கு. பிலிப் ஓரியோபௌலஸ் என்ற பொருளியல் பேராசிரியர் இதே டொராண்டோவில் ஆயிரக்கணக்கான வேலை விண்ணப்பங்களைத் தானே தயாரித்து அனுப்பினார். 2009ல் முடிவு வெளிவந்தது. கனடாப் படிப்பு, கனடா அனுபவம், எல்லாம் சமம். பெயர் மட்டும் வேறே. ஆங்கிலப் பெயருக்கு வந்த அழைப்பு, இந்திய, பாகிஸ்தானிய, சீனப் பெயர்களுக்கு வந்ததைவிடச் சுமார் 40 சதவீதம் அதிகம்! அம்மா, அந்த நாற்பதை எந்த முயற்சியால ஈடு கட்டுவீங்க? பெத்தவங்க வச்ச பேரை மாத்தியா? (பலத்த கைதட்டல்)

இன்னொரு பக்கம் பாருங்க. 1933ல் ஹிட்லர் ஆட்சி, யூதர் என்பதற்காக ஹான்ஸ் கிரெப்ஸ் என்ற இளம் மருத்துவரை வேலையிலிருந்து நீக்கியது. கேம்பிரிட்ஜில் இருந்த ஹாப்கின்ஸ், வாப்பா என்று தன் ஆய்வுக்கூடத்தில் இடம் கொடுத்தார். நாலே வருஷம்! 1937ல், ஷெஃபீல்டு நகரில், நம் பிள்ளைகள் உயிரியல் பாடத்தில் உருப்போடுகிற கிரெப்ஸ் சுழற்சி பிறந்தது. 1953ல் நோபல் பரிசு. மூளை கிரெப்ஸுடையதுதான், யார் மறுத்தா? ஆனா இங்கிலாந்தில் கால் வைத்ததும் அவர் கையில் கோப்பையைக் கொடுத்துக் கழுவச் சொல்லியிருந்தா? (கைதட்டல்)

துணைன்னா பணம் இல்லைங்க. இதே ஊரில் 2004 முதல் ஒரு திட்டம் நடக்கிறது. புதுசா வந்த கணக்கருக்கு, ஏற்கெனவே இங்கே கணக்கராக இருக்கிற ஒருத்தர் சில மாதம் வழிகாட்டி. இன்ஜினியருக்கு ஒரு இன்ஜினியர். என்ன சொல்லித் தருவாங்க? விண்ணப்பத்தில் அப்பா பெயர், கல்யாணம் ஆச்சா, போட்டோ எதுவும் போடாதே. நேர்முகத் தேர்வில் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால், "எனக்குச் சொந்த ஊர் சாவகச்சேரி, கூடப் பிறந்தவர்கள் ஐந்து பேர்" என்று ஆரம்பிக்காதே! (பலத்த சிரிப்பு) நீ என்ன செஞ்சிருக்கேன்னு சொல்லு.

நமக்குத்தான் கூச்சமாச்சே! தன்னைத் தானே புகழ்றது தப்புன்னு வளர்த்துட்டாங்க. தமிழ் வாத்தியார் சொல்றேன், கேட்டுக்கோங்க. நன்னூலில் பவணந்தி முனிவர், ஒரு புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளலாம் என்று நாலு இடத்தில் அனுமதி தர்றார். அதில் ஒன்று, தன் ஆற்றலை அறியாதவர் நடுவில் நிற்கும்போது. நேர்முகத் தேர்வு அதுதானே ஐயா! இன்னொன்று, அவையில் வாதம் செய்து வெல்ல நினைக்கும்போது. அது எங்களுக்கு! (சிரிப்பு, கைதட்டல்)

மணி அடிச்சுட்டீங்க. ஒரு நிமிஷம்.

ஒண்டாரியோ மாநிலத்தில் பொறியாளருக்கு உரிமம் வழங்கும் சங்கம், கனடா அனுபவம் கட்டாயம் என்ற விதியை 2023 மே மாதம் எடுத்துவிட்டது. 2026 ஜனவரி 1 முதல், 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள், வேலை விளம்பரத்திலும் அப்படிக் கேட்கக் கூடாது என்று மாநிலச் சட்டம் செய்திருக்கிறது. நல்லது. என் வீட்டுக்காரர் அந்த முதல் செய்தியை வாசித்தபோது ஓய்வு பெற்றுப் பத்து வருஷம் ஆகிவிட்டது. "திறந்திட்டாங்கள் சேர். இப்ப எனக்கு முழங்கால் ஏலாது" என்று சிரித்தார். என்னால சிரிக்க முடியலை.

ஆனா மனிதர் சும்மா இல்லை. சனிக்கிழமை தோறும் நூலகத்தில் உட்கார்ந்து, புதுசா வர்ற பிள்ளைகளுக்கு விண்ணப்பம் திருத்திக் கொடுக்கிறார். நம்ம பிள்ளைகள் மட்டுமில்லை, சிரியா, ஆப்கானிஸ்தான் பிள்ளைகளும் வருகிறார்கள். அதோ, மூணாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கார். நாளைக் காலையில் ஒரு பையனுக்கு நேர்முகத் தேர்வாம். இன்னைக்கு ராத்திரி அவனுக்கு ஒத்திகை பார்க்கணும், கெதியா முடியுங்கோ சேர்னு சீட்டு எழுதி அனுப்பியிருக்கார். (சிரிப்பு)

முடிச்சிட்டேன் ஐயா, கிளம்புங்க. (நீண்ட கைதட்டல்)