தன் தேவையைத் தானே சொல்ல



பொதுத்தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம், மொழிப்பாட விலக்கு ஆகியவற்றை நம் மாற்றுத்திறனாளி மாணவர்கள் பெறுகிறார்கள். விண்ணப்பத்தைத் தலைமையாசிரியர் அனுப்புகிறார், அலைச்சல் அம்மாவுடையது, மாணவர் கையெழுத்துப் போடுவதோடு சரி. அதே மாணவர் பிறகு செஞ்சியிலிருந்தோ மரக்காணத்திலிருந்தோ பேருந்து ஏறிக் கல்லூரிக்கு வருகிறார். அங்கே அவருக்காகப் பேச யாரும் இல்லை. “உனக்கு என்னப்பா வேணும்?” என்று பேராசிரியர் அக்கறையோடு கேட்டாலும், “ஒண்ணும் வேணாம் சார்” என்றே பதில் வருகிறது. கூச்சம் பாதிக் காரணம். தனக்கு என்ன வேண்டும் என்பது அவருக்கே தெளிவாகத் தெரியாதது மீதிப் பாதி. அதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பைப் பள்ளிப் பருவத்தில் நாம் கொடுக்கவில்லை.

மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் குறைபாட்டின் விழுக்காட்டை மட்டுமே சொல்லும். ஒரே விழுக்காடு பார்வைக்குறை உள்ள இருவரில் ஒருவருக்குப் பெரிய எழுத்து போதும். மற்றவருக்கு வெளிச்சம் கூசும், சன்னலுக்கு முதுகு காட்டி உட்கார வேண்டும். உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் மாணவருக்கு, கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு ஆசிரியர் பேசுவதெல்லாம் வீண். எவ்வளவு நேரம் எழுதினால் கை இறுகுகிறது, எந்தக் காதுப் பக்கம் நின்று பேசினால் கேட்கிறது? இவற்றை மாணவரே சோதித்துப் பார்த்துக் கண்டறிய வேண்டும். உடனிருந்து உதவுவது நம் வேலை. எழுதுபவரிடம் விடை சொல்வதற்கும் பயிற்சி வேண்டும். கணக்கின் படிகளை மனத்தில் நிறுத்தி ஒவ்வொன்றாகச் சொல்வதைத் தேர்வு நாளன்று, முன்பின் தெரியாத ஒருவரோடு தொடங்கச் சொல்வது கொடுமை.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 21 வகைக் குறைபாடுகளை ஏற்ற 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், தனிநபரின் தேவைக்கேற்ற ஏற்பாட்டைக் கல்வி நிறுவனத்தின் கடமையாக்கியது. எழுதும்போது கை இறுகும் விகாஷ் குமார் என்ற தேர்வரின் வழக்கில், எழுதுபவரைப் பெற 40 விழுக்காடு குறைபாடு இருந்தே தீரவேண்டும் என்பதை 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. அவர் கேட்டதால் பலருக்கு வழி திறந்தது. அமெரிக்காவிலும் இப்படி மாணவர்களே வழி திறந்தார்கள். 1962இல் அங்கே பெர்க்கிலி பல்கலைக்கழகத்தில் சேர்ந்த எட் ராபர்ட்ஸ், இளம்பிள்ளை வாதத்தால் சுவாசக் கருவியோடு வாழ்ந்தவர். விடுதியில் இடமின்றி வளாக மருத்துவமனையில் தங்கிப் படித்தார். அந்த மருத்துவமனையில் சேர்ந்த அவரைப் போன்ற மாணவர்கள் தமக்கான உதவித் திட்டத்தை 1970இல் தாங்களே உருவாக்கினார்கள்.

“தைரியமாப் பேசு” என்று சொல்வதால் தைரியம் வராது. ஒருமுறை கேட்டு, கேட்டது கிடைத்து, அதனால் பாடம் புரிந்தால் அடுத்த முறை குரல் தானே எழும். ஆனால் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: சாய்தளத்தையும் கழிப்பறையையும் எந்த மாணவரும் கேட்டுப் பெறும் நிலை இருக்கக் கூடாது. அவை சேர்க்கைக்கு முன்பே தயாராக இருக்க வேண்டும்.

கல்லூரியின் முதல் வாரத்திலேயே ஒவ்வொரு மாணவரோடும் தனியே உட்கார்ந்து பேசி, அவர் சொல்லும் தேவைகளை ஒரு தாளில் எழுதி, பாடம் எடுக்கும் அனைவருக்கும் அவர் சம்மதத்தோடு கொடுக்கலாம் என்பது என் முன்மொழிவு. அந்தத் தாளில் என்னென்ன இடம்பெற வேண்டும் என்பதை இந்தக் கருத்தரங்கின் முதல் அமர்வில் மாணவர்களே பேசுவார்கள். ஆசிரியர்களின் கட்டுரைகள் பிற்பகலில்.